இடுப்புக்கு வாங்கிய ஆயின்மென்ட்

என் மருமகள் மதகடிப்பட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு டெய்லர் கடைக்கு அடுத்த அறை. போன வருடம் அந்தக் கடை மூடுகிற நிலைக்கு வந்தது. அதற்குக் காரணம் என் முகம். மருமகள் கை வைத்துத்தான் மாமியாரின் முகம் வெந்துபோனது என்று ஊரில் பேச்சு. அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் கார்த்திகையிலிருந்து தை பிறக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கூச்சம் பிறவியிலேயே உண்டு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று சொல்ல மாட்டேன். ஆனால் கூச்சத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

முதலில் என் வயதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரைவிட நான் மூன்று வயது மூத்தவள். அவர் என் அத்தை மகன். மடுகரையில் எங்கள் அப்பா நிலமும் அத்தை வீட்டு நிலமும் ஒரே வரப்பில் ஒட்டிக் கிடந்தன. பெரியவர்கள் முறையைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள், வயதைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அவரை 'வாடா, போடா' என்று விரட்டியவள், தாலி ஏறிய மறுநாளிலிருந்து 'ஏங்க' என்று கூப்பிட்டேன். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தபோது மாமனார் என் வயதில் ஐந்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார். அன்று முதல் காகிதத்தில் நான் அவரைவிட இரண்டு வயது சின்னவள்.

முகத்தில் அப்படிக் குறைத்து எழுத முடியவில்லை. வெயிலிலேயே கிடந்த உடம்பு. ஐம்பதைத் தாண்டியதும் கண்ணோரம், வாயோரம், நெற்றி என்று கோடு கோடாக விழுந்துவிட்டது. அவரோ தலைக்குச் சாயம் அடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அப்படியே இருந்தார்.

போன வருடம் ஆனி மாதம், அவருக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், அம்மாவ அந்த பெஞ்சுல உக்கார வச்சிட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றாள். நல்ல பிள்ளைதான். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர் திருத்தவில்லை. சிரித்தார். "இப்டி உக்காரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த கிழவி என்னிடம், "புள்ள நல்லா பாத்துக்கிறானா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிறான்" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். அறுபத்தாறு வயதில் கண்ணாடி முன் நிற்பதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டில் ஒரு டியூப் இருந்தது. அது வந்த கதை வேறு. நடவுக்கு ஆள் கிடைக்காத நாட்களில் நானும் சேற்றில் இறங்குவேன். நாள் முழுக்க ஈரத்தில் குனிந்து நிற்பதில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் வட்டம் வட்டமாகத் தடித்து அரிக்க ஆரம்பிக்கும். படர்தாமரை. நடவு நடுகிற பெண்களில் அது வராதவர்களை எண்ணிவிடலாம். ஆனால் யாரும் டாக்டரிடம் போக மாட்டோம். இடுப்பை எப்படி அவிழ்த்துக் காட்டுவது? நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மெடிக்கலில் போய், அரிப்புக்கு என்று கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கி வந்தார். மேலே இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அது எனக்குப் படிக்கத் தெரியாது. போட்டேன். இரண்டு வாரத்தில் அரிப்பு போனது. அது மட்டும் இல்லை. வருடக்கணக்காக நாடா அழுத்திக் கறுத்துத் தடித்துப் போயிருந்த இடம் வெளுத்து, வழவழப்பாகி, குழந்தை தோல்போல ஆகிவிட்டது.

கண்ணாடி முன் நின்றபோது எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. இடுப்புக்கு இப்படிச் செய்கிற மருந்து முகத்துக்கு மட்டும் செய்யாதா?

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து கண்ணோரமும் கன்னத்திலும் கொஞ்சம் எடுத்துத் தடவினேன். எரியவில்லை, ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் தினமும் தடவினேன்.

இந்த இடத்தில் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். மாதத்துக்கு இரண்டு தடவை வருவான். மருமகள் எங்களோடு இருக்கிறாள். பாண்டியில் ஆறு மாதம் பார்லர் வேலை படித்தவள். கடை வைக்க வேண்டும் என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு வழியாக வைத்தாள். வேலையில் கறாரானவள். யாருக்கும் எதையும் எடுத்தவுடன் முகத்தில் போட மாட்டாள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி, "ரெண்டு நாள் கழிச்சி வாக்கா, அரிப்பு இல்லன்னா போடுவோம்" என்று திருப்பி அனுப்புவாள். தோலை உரிக்கிற பீல் வேண்டும், ஒரே வாரத்தில் சுருக்கம் போகிற சீரம் வேண்டும் என்று போனில் பார்த்துவிட்டு வருகிறவர்களை, "அதெல்லாம் டாக்டர் பண்ற வேல, என்னால ஆவாது" என்று சொல்லிவிடுவாள். வருகிற வரும்படியை இப்படி விரட்டுகிறாளே என்று நான்கூட நினைத்திருக்கிறேன்.

எனக்கு அவள் இரண்டு பொருள் கொடுத்திருந்தாள். ஒன்று வெயிலுக்குப் போடுகிற சன்ஸ்க்ரீன், இன்னொன்று தோல் காயாமல் இருக்க ஒரு மாய்ஸ்சரைசர். "இதப் போட்டா சுருக்கம் போயிடாது அத்த. புதுசா விழறது கொறையும், அவ்ளோதான்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் அவற்றை அலமாரியில் வைத்துவிட்டு, அவள் கேட்டால் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆயின்மென்ட் போட ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும். முகம் மினுமினுத்தது. கண்ணோரக் கோடுகள் மெலிந்த மாதிரி இருந்தது. பால் சொசைட்டியில் ஒருத்தி நிறுத்திக் கேட்டாள். "இன்னாக்கா, மூஞ்சி இப்டி பளபளன்னு இருக்குது? மருமவ கைவேலையா?"

நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புத்தான் முதல் தப்பு. அவள் நாலு பேரிடம் சொன்னாள். மருமகள் காதுக்கும் போனது. தான் கொடுத்த இரண்டு பொருளும் நன்றாக வேலை செய்கிறது என்று அவளும் நம்பினாள். கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க அத்தைய பாத்தீங்களா? வேற ஒண்ணும் இல்ல, வெயிலுக்குக் காபந்து, தோலுக்கு ஈரம், அவ்ளோதான்" என்று பெருமையாகச் சொன்னாள். வியாபாரம் கூடியது. தை மாதத்துக்கு நான்கு கல்யாணப் பெண் அலங்காரம் பேசி வைத்தார்கள். கடை வைத்த பிறகு கல்யாண வேலை அவளுக்கு அதுதான் முதல் தடவை. பட்டுப் புடவை மடிப்பு எடுக்கிற கிளிப், முடிக்கு வைக்கிற பூ ஜடை என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாள். புடவை மடிப்பு பழகுவதற்கு என் வீட்டுக்காரரை நிற்கவைத்துக் கட்டிப் பார்த்தாள். "என்னிய பொண்ணு பாக்க எவனும் வந்துடப் போறான்மா" என்று அவர் சொல்ல, வீடே சிரித்தது.

எனக்கு ஒரு டியூப் தீர்ந்தது, இரண்டு தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் இடுப்பு அரிக்கிறது என்று சொல்லித்தான் வாங்கி வரச் சொன்னேன். அவர் ஒரு தடவை, "உன் இடுப்பு இன்னா இடுப்பா ஏரியா? எவ்ளோ ஊத்தினாலும் உள்ள இழுத்துக்குது" என்றார். அப்போதும் சிரித்து மழுப்பினேன். ஐப்பசி வாக்கில் முகத்தில் மெல்லிய மயிர் தெரிந்தது. கன்னத்தில் சிவப்பாக நூல் நூலாக ஓடியது. வெயிலில் நின்றால் சுருக்கென்று குத்தும். ஒரு நாள் போடாவிட்டால் எரிச்சல், போட்டால் அடங்கிவிடும். அப்படியானால் மருந்து நல்ல மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் பாகூரில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. நான்கு நாள் தங்கிவிட்டு வர வேண்டும். கிளம்புவதற்கு முன்தினம் மருமகள், "உறவுக்காரங்க எல்லாரும் வருவாங்க. கடைக்கு வா அத்த, ஒரு பேஷியல் பண்ணிவிடுறேன்" என்று கூட்டிப்போய், காதுக்குப் பின்னால் முன்பே சோதித்திருந்ததைப் போட்டுச் செய்துவிட்டாள். டியூபை நான் பாகூருக்கு எடுத்துப் போகவில்லை. தங்கை வீட்டில் பத்துப் பேர், ஒரே குளியலறை. யாராவது பார்த்து, இது என்ன என்று கேட்டால்?

இரண்டாம் நாள் முகம் காந்த ஆரம்பித்தது. மூன்றாம் நாள், காதுகுத்து அன்று, மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிந்தது. கன்னமெல்லாம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்த பருக்கள். பந்தலில் நான் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

என் நாத்தனார் வந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. அவள் குரல் பந்தல் முழுக்கக் கேட்கும். "இன்னாமே இது? இங்க வர்றதுக்கு மொத நாளு மருமவ கடையில இன்னாத்தயோ பூசிகினேன்னு சொன்னியே, அதுவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அய்யய்ய! மாமியா மூஞ்சிய இப்டி பொசுக்கி வச்சிருக்காளே பாவி! தை மாசம் நம்ம வூட்டு ஒறமொற பொண்ணுக்கு அவளத்தான பேசி வச்சிருக்குது!"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டும் என்றால் இடுப்பைச் சொல்ல வேண்டும், படர்தாமரையைச் சொல்ல வேண்டும், அதை எதற்காக முகத்தில் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒரு கிழவி, அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

நான் ஊர் திரும்புவதற்கு முன்பே பேச்சு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மருமகள் என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "நான் பண்ணது ஒண்ணும் இல்லியே... காதுக்குப் பின்னால பாத்தேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். மகன் போனில் அவளைத் திட்டினான். "உன்னோட தொழில பழகறதுக்கு எங்க அம்மா மூஞ்சிதான் கெடச்சிதா?" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. அவள் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடைக்கு வருகிற பெண்கள் குறைந்தார்கள். புருவம் எடுக்க வருகிறவர்கள்கூடச் சந்து முனையில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பினார்கள். கல்யாணப் பெண்களில் ஒருவர் கார்த்திகை முடிவதற்குள்ளேயே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்கழியில் மருமகள் என்னைப் பாண்டிக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு சின்னப் பெண். மருமகள் வயதுதான் இருக்கும். நான் உட்கார்ந்ததும் மருமகள் துணிப்பையிலிருந்து பாட்டில்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். கடையில் இருந்த எல்லாவற்றையும் கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்க அத்தைக்கு நான் போட்டது எல்லாம் இதான் மேடம். இதுல எது தப்புன்னு சொல்லுங்க. தூக்கிப் போட்டுட்றேன்" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். "இது சன்ஸ்க்ரீன், நல்லது. இதுவும் பரவால்ல. பேஷியல் க்ரீம்ல வாசன கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இதால எல்லாம் இவ்ளோ வராது." என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கைக் கொண்டு வந்து பார்த்தார். கன்னத்து நூல் நரம்புகளைப் பார்த்தார். மோவாய் மயிரைப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு போட்ட மூஞ்சி. அம்மா, படர்தாமரைக்கு, அரிப்புக்குன்னு எதுனா ஆயின்மென்ட் மூஞ்சில போட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் பார்த்தார். அப்புறம் ஒரு சீட்டு எழுதி, "நீ போய் இத வாங்கிகினு வாம்மா" என்று மருமகளை வெளியே அனுப்பினார். கதவு மூடியது.

"இப்ப சொல்லுங்க."

சொன்னேன். இடுப்பைச் சொன்னேன். ஆஸ்பத்திரி பெஞ்சைச் சொன்னேன். காகிதத்து வயதில்லாமல், உண்மையான வயதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

"அந்த டியூப்ல பூஞ்சைக்கு ஒரு மருந்து இருக்கும், அதோட ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது சிவப்பயும் வீக்கத்தயும் அமுக்கிடும். மொதல்ல பளபளன்னு காட்டும். உள்ள தோலு மெலிஞ்சிகினே வரும். நிறுத்தினா அமுங்கி இருந்ததெல்லாம் ஒண்ணா கெளம்பும். அதான் உங்களுக்கு ஆச்சு. கண்ணோரம் வேற போட்டிருக்கீங்க. கண்ணு டாக்டர்கிட்டயும் காட்டி கண்ணுக்குள்ள பிரஷர் பாத்துடணும்."

"பழையபடி ஆயிடுமாம்மா?"

"எரிச்சலும் பருவும் போவும். மாசக்கணக்கா ஆவும், நடுவுல மறுபடி அதத் தேடிப் போட்டுடாதீங்க. இந்த நரம்புல கொஞ்சம் அப்டியே நின்னுடலாம்."

நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அப்ப சுருக்கத்துக்கு மருந்தே கெடையாதா?"

"இருக்குது. மாயம்தான் கெடையாது." அவர் மருமகளின் சன்ஸ்க்ரீனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "மொத மருந்து இது. வெயில்தான் நம்ம தோல இப்டி மடிக்குது. இது இருக்குற கோட்ட அழிக்காது, இன்னும் விழாம பாத்துக்கும். ஈரத்துக்குப் போடுறது அந்தந்த நாளுக்குக் கோட்ட மங்கலா காட்டும். வைட்டமின் ஏ வகையில ஒரு க்ரீம் இருக்குது. விடாம பல மாசம் போட்டா சின்னக் கோடு கொஞ்சம் கொறையும். ஆனா தோலு எரியும், உரியும். மாசமா இருக்குறவங்க தொடவே கூடாது. டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும்."

"ஊசி போடுறாங்களாமே?"

"போடுறாங்க. நெத்திக்கோடு மூணு நாலு மாசம் மறைஞ்சி திரும்ப வந்துடும். படிச்ச டாக்டர் கையால போட்டா பெரும்பாலும் பயமில்ல, கண்டவங்க போட்டா கண்ணு எமயே தொங்கிடும். தோலு உரிக்கிறது நம்ம நெறத்துக்குத் தப்பாப் போச்சுன்னா கருப்பு விழும். ஆழமா விழுந்த கோட்ட எந்த டப்பாவும் அழிக்காதும்மா, அதுமேல இன்னா எழுதியிருந்தாலும் சரி. உங்க தோலுக்கு இப்ப எதுவுமே வேணாம். ஓய்வு குடுங்க." அப்புறம் மேசையில் இருந்த பாட்டில்களைக் காட்டினார். "இவ்ளோத்தயும் தூக்கிகினு வந்து நிக்குது அந்தப் பொண்ணு. அதுகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் என்னை வெயில் விழாத பக்கம் உட்காரவைத்தாள். வில்லியனூர் தாண்டியதும் கேட்டாள். "அத்த, டாக்டரு ஸ்டீராய்டுன்னாங்களே. நெசமாவே நீ எதுவும் போடலியா?"

"நான் இன்னாத்தப் போடப் போறேன்" என்றேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. கூச்சப்பட ஒரு காரணமும் இல்லை. இருந்தும் பொய் சொன்னேன். இன்றைக்கும் இதையெல்லாம் நினைத்தால் முதலில் அந்தப் பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

டாக்டர் தன் பொருளில் தப்பில்லை என்று சொன்னதை மருமகள் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். தப்பு செய்தவள் வேறென்ன சொல்வாள் என்று கேட்டார்கள். கடைசியில் அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. பேஷியலுக்கு வைத்திருந்த டப்பாக்களை ஒரு நாள் குப்பையில் போட்டாள்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை என் நாத்தனார் வந்தாள். கூடவே, பந்தலில் அவள் சொன்ன அந்த உறவுமுறைக் கல்யாணப் பெண்ணின் அம்மா. மருமகள் கடைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா மெதுவாகத்தான் பேசினாள். "தப்பா நெனச்சிக்காதம்மா. பொண்ணு பயப்படுது. பாண்டில வேற எடம் பாத்துட்டோம்."

"பின்ன இன்னா?" என்றாள் நாத்தனார். "பெத்தவ மாதிரி கூட இருக்குற மாமியா மூஞ்சியயே வேகவச்சவ. கல்யாணப் பொண்ண நம்பிக் குடுப்பாங்களா?"

மருமகள் சீப்பை வைத்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "கடைய காலி பண்ணிட்றேன் அத்த. எனக்கு இந்தத் தொழிலு வேணாம். என் கையால யாருக்கும் எதுவும் ஆவ வேணாம்" என்றாள்.

அவள் என்னிடம்தான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவ ஒண்ணும் பண்ணல" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அவ ஒண்ணும் பண்ணல. நான்தான். இடுப்புல படர்தாமரைக்குப் போடுற ஆயின்மென்ட மூஞ்சில போட்டேன். ஆனியில இருந்து போட்டேன்."

வாசலில் இருந்து அவர் எட்டிப் பார்த்தார். "இன்னாது? இடுப்புக்குன்னுதான வாங்கினு வரச் சொன்ன!"

"இடுப்புக்குன்னு சொன்னேன். மூஞ்சிக்குப் போட்டேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடியேய்! இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குடி பளபளப்பு? யாரு பாக்கப் போறா?" என்றாள்.

"உன் தம்பிக்கு நான் அம்மாவாம். ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவரும் சிரிச்சிகினே போயிட்டாரு."

அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவர் ஸ்பிரேயர் பக்கம் குனிந்துகொண்டார். பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். பாண்டியில் பேசினது பேசினதுதான். அந்தக் கல்யாணம் மருமகளுக்குத் திரும்பி வரவில்லை. மற்ற மூன்று பேரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். முழுத் தை மாதமும் கையைவிட்டுப் போனது.

மருமகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "பாட்டிலெல்லாம் தூக்கினு போயி டாக்டரு முன்னால கைய கட்டிகினு நின்னனே. அப்பக்கூட உனக்குச் சொல்லத் தோணலியா அத்த?"

தோன்றியது என்று சொன்னால் அது இன்னும் கேவலம்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த சீட்டுப் பொண்ணு இன்னமும் அங்கதான் இருக்குது. வேணும்னா நாளிக்குப் போயி, இது என் பொண்டாட்டின்னு சொல்லிட்டு வரட்டா?" என்றார்.

"வேணாம், சாப்புடுங்க" என்றேன். அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பதினைந்து நாள் மருமகள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், மருந்து எடுத்து வைப்பாள், கண் டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனாள். பேச்சு மட்டும் இல்லை. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது மட்டும் மூச்சை விட்டாள். கடையை அவள் காலி பண்ணவில்லை. ஆனால் அங்கே போய் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் வீட்டில் சொன்னது வெளியே போகவில்லை. நாத்தனார் மற்றதையெல்லாம் ஊருக்குச் சொல்வாள், இதை மட்டும் தன் தம்பியின் மானம் என்று முடிந்து வைத்துக்கொண்டாள், பெண்ணின் அம்மாவையும் வெளியே சொல்லவிடவில்லை. அதனால் ஊருக்கு இன்னமும் பழைய கதைதான்.

மாசி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை காலை மருமகள் என்னிடம் வந்து நின்றாள். "மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம் அத்த. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீ என் கடைக்கு வா. வந்து வர்றவங்க கண்ணுல படற மாதிரி உக்காரு. உன் மூஞ்சியப் பத்திக் கேப்பாங்க. உன் வாயால நீயே சொல்லு. நான் சொன்னா யாரும் நம்பல."

என்னை அவள் வேறு எதைச் செய்யச் சொல்லியிருந்தாலும் சுலபமாகச் செய்திருப்பேன். சேற்றில் இறங்கச் சொன்னால் இறங்கியிருப்பேன். அன்று புடவையை மாற்றிக்கொண்டு அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினேன்.

முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். இடுப்பு என்கிற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. மருமகள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுத்துக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டு, "சத்தமா அத்த" என்றாள். சத்தமாகச் சொன்னேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒருத்தி கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, ஜாக்கெட்டுக்குள் இருந்து ஒரு டியூபை எடுத்து நீட்டினாள். "இது அதானா பாரேன்." மருமகள் போன் வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இதேதான்கா. பட்டுனு நிறுத்தினாலும் கெளம்பும். டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்து" என்று சொல்லி, டாக்டர் இருக்கிற இடத்தை எழுதிக் கொடுத்தாள். அதற்கு அப்புறம் மூன்று பேர், ஐந்து பேர் என்று டியூபோடு வந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. சிவப்பழகுக்கு என்று ஒருத்தி, கண் கருவளையத்துக்கு என்று ஒருத்தி. என்னைப்போலச் சுருக்கத்துக்கு என்று சொன்னவள் ஒருத்திதான். அவளும் என் காதில்தான் சொன்னாள். வைகாசியில் மருமகளுக்கு ஒரு கல்யாண வேலை வந்தது. ஒன்றுதான்.

பரு எல்லாம் போய்விட்டது. வெயிலில் நின்றால் இப்போதும் குத்தும். கன்னத்துச் சிவப்பு நரம்புகள் டாக்டர் சொன்ன மாதிரி நின்றுவிட்டன. கோடுகள் முன்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. காலையில் மருமகள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டுதான் வெளியே இறங்குகிறேன்.

மருமகள் என்னோடு பேசுகிறாள். முன்புபோல என்று சொல்ல முடியாது. கடையில் வேலை சொல்வதற்குப் பேசுகிறாள், மத்தியானம் சோற்றைப் பிரித்துக்கொண்டு ஒன்றிரண்டு பேசுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் உட்காராமல் கதவு ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். மருமகள் உள்ளே வேலையாக இருந்தாள். அந்தப் பெண் முகம் மினுமினுவென்று இருந்தது. கன்னத்தில் நூல் ஓட ஆரம்பித்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால் ஓடிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

"இன்னா க்ரீம்மா போடுற?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.